முகத்துவாரத்தில் ஒரு வைகறை

பங்குனி மாதத்து வைகறைப் பொழுது. சென்னைப் பட்டினப்பாக்கத்திற்குத் தெற்கே, அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் பறவை நோக்குவோர் சிலர் இருநோக்கிகளுடன் காத்திருக்கின்றனர். அருகில் மீனவர் குப்பம். அப்பால் 1977இல் இடிந்த பாலத்தின் எச்சம். ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் மரச்சோலை. கடலோதம் வடியத் தொடங்கியதும் கருஞ்சேற்று நிலம் மெல்ல வெளிப்படுகிறது. மனிதர் கண்ணுக்கு வெறுஞ்சேறாகத் தோன்றும் அவ்விடமே பறவைகளின் உணவுக்களம்.

அலகும் இரையும்

புழுக்களும் சிறுநண்டுகளும் மட்டிகளும் சேற்றில் வெவ்வேறு ஆழங்களில் வாழ்கின்றன. குட்டை அலகுடைய உப்புக்கொத்தி, மேற்பரப்பில் அசையும் இரையைக் கண்டதும் விரைந்தோடிக் கொத்துகிறது. நீண்ட அலகுடைய மூக்கனோ சேற்றினுள் ஆழத் துழாவிப் புதைந்த புழுவை இழுத்தெடுக்கிறது. அலகின் நீளம் வேறுபடுவதால் ஒரே நிலத்தைப் பல பறவைகள் பகிர்ந்துண்ண முடிகிறது.

வழிநடைக்குக் கட்டுச்சோறு

நெடும்பயணம் செல்வோர் கட்டுச்சோறு கொண்டு செல்வர். பறவைகளோ அதனை உடலுக்குள் கொழுப்பாகச் சேமிக்கின்றன. இளவேனில் நெருங்கும்போது அவற்றின் இறகுகளும் நிறம் மாறுகின்றன. குளிர்காலம் முழுவதும் வெண்தலையுடன் காணப்பட்ட பழுப்புத்தலைக் கடற்காகம், தன் பெயருக்கேற்ற பழுப்புத்தலையை இப்போதுதான் பெறுகிறது. நடு ஆசியாவின் உயர்ந்த மேட்டுநில ஏரிகளே அது கூடுகட்டும் இடங்கள்.

வடதுருவப் பகுதிக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே அமைந்த நடு ஆசிய வலசைத்தடம் 30 நாடுகளை இணைக்கிறது. பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் மற்றொரு தடத்தில், 2022இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை சுமார் 13,500 கிலோமீட்டர் தொலைவை 11 நாள்களில் இடைநில்லாது பறந்து கடந்தது. புறப்படுமுன் உண்ட உணவே அதற்குத் துணையாயிற்று.

வலசையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். குமரியில் நீராடி வடதிசைக்குத் திரும்பும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு சத்திமுத்தப் புலவர் வேண்டிய பாடல் அதற்குச் சான்று.

அறுபடக் கூடாத கண்ணி

முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொண்டால் ஆற்றுக்குள் ஓதநீர் வருவதும் வடிவதும் தடைப்படும், கழிவுநீர் தேங்கும், சேற்றுயிர்கள் அழியும், பறவைகளின் உணவும் குறையும். தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் கட்டடங்களாலும் குப்பைமேட்டாலும் பெரிதும் சுருங்கியது. அதன் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அது ஏற்பு பெற்றது. மழைவெள்ளத்தை உள்வாங்கி ஊரைக் காப்பதும் அந்நிலமே.

வெயில் ஏற ஏற ஓதம் மீண்டும் உயர்ந்து சேற்றை மூடுகிறது. நோக்கியோர் தாம் கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு கரையேறுகின்றனர். ஆண்டுதோறும் எழுதப்படும் அக்குறிப்புகளே, எந்தப் பறவை குறைகிறது என்பதைக் காட்டும் சான்றுகள். இன்னும் சில வாரங்களில் வலசைப் பறவைகள் வடக்கே சென்றுவிடும். ஐப்பசியில் அவை மீளும்போது உண்பதற்கு இச்சேற்றுநிலம் எஞ்சியிருக்க வேண்டும். அதனைக் காப்பது பறவைகளின் கையில் இல்லை. கரையில் வாழும் மக்களின் கையில் உள்ளது.