புற்றுநோய் மாத்திரையும் கேஸ் மாத்திரையும்



உளுந்தூர்பேட்டை வட்டாரத்திலிருந்து புதுவை ஜிப்மருக்கோ, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போய்வரும் சிலருக்கு, வீட்டிலேயே தினமும் விழுங்க மாத்திரை தருகிறார்கள். இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குத் தசாட்டினிப். நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகைக்கு எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப். இம்மாத்திரைகள் நன்றாகக் கரைந்து இரத்தத்தில் சேர, வயிற்றிலுள்ள அமிலம் வேண்டும்.

"நெஞ்சு எரியுதுங்க" என்று மனைவி சொன்னதும், கணவர் மருந்துக்கடைக்குப் போய் ஓமிபிரசோல், பாண்டோபிரசோல் என்று ஏதாவதொரு கேஸ் மாத்திரை வாங்கிவந்து விடுகிறார். பிரியத்தில் செய்வதுதான். ஆனால் அது அமிலம் சுரப்பதையே நாள் முழுக்கக் குறைத்துவிடும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாற்றிப் போட்டாலும் தப்பாது. வேளை தவறாமல் புற்றுநோய் மாத்திரை சாப்பிட்டும், உடம்பில் சேருவது குறைந்து, நோய் அடங்காமல் போகலாம்.

ஜெலுசில் போன்ற மருந்தின் வேலை கொஞ்ச நேரந்தான். தசாட்டினிப் சாப்பிடுவோர் அதற்கு 2 மணி நேரம் முன்போ பின்போ குடிக்கலாம். இமாட்டினிப்புக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஆகவே மாத்திரையின் பெயர் தெரிவது முக்கியம்.

எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதற்கு டாக்டர் வேறு வழி செய்வார். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும், பெட்டிக்கடையில் வாங்கியது உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் அவர்முன் வையுங்கள்.