புகைக்கறை படிந்த சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது

சிகரெட் பிடிப்பவர் பல வருடம் குடியிருந்த வீடா? மஞ்சளேறிய சுவரில் நேரடியாக எமல்ஷன் அடிக்காதீர்கள். நிகோடின் கறை தண்ணீரில் கரையும். எமல்ஷனின் ஈரம் அதை மேலே இழுத்துவந்துவிடும். எத்தனை கோட் அடித்தாலும் பழுப்புத் திட்டு தெரியும்.

முதலில் கழுவுங்கள். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டு, ஸ்பாஞ்சால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் வழிந்து கோடு விழும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். புகை மேலே போய்த் தங்குவதால் சீலிங்கில்தான் கறை அதிகம், அதை விட்டுவிடாதீர்கள். மின்விசிறி இறக்கைகளையும் துடையுங்கள். பழைய சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் என்றால் கழுவிப் பயனில்லை. நனைத்துச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது பிரைமர். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண வாட்டர் பிரைமர் இந்தக் கறையை நிறுத்தாது. கறை தடுக்கும் ஆயில் பிரைமரோ ஷெல்லாக் பிரைமரோ கேட்டு வாங்குங்கள். நெடி கடுமையாக இருக்கும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அடுப்பு பற்றவைக்காதீர்கள், குழந்தைகளை வேறிடத்தில் தங்கவையுங்கள்.

பிரைமர் காய்ந்ததும் ஓர் ஓரத்தில் மட்டும் எமல்ஷன் பூசி, மறுநாள் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் இன்னொரு கோட் பிரைமர் அடித்த பிறகே முழுச் சுவரில் கைவையுங்கள்.