வேட்டை நாயின் பாதுகாப்பு அங்கி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜெர்மனியில் இலையுதிர் காலம் தொடங்கி ஜனவரி வரை காட்டுப்பன்றிகளைக் கலைத்து வேட்டையாடும் பருவம். துப்பாக்கி ஏந்தியவர்கள் மேடைகளில் காத்திருப்பார்கள். நாய்கள் புதருக்குள் புகுந்து பன்றிகளைக் கிளப்பி வெளியே ஓட்டும். 2019-20 பருவத்தில் அந்நாட்டின் வேட்டைக் கணக்கில் 8.8 லட்சத்துக்கும் அதிகமான காட்டுப்பன்றிகள் பதிவாயின. யாக்ட் டெரியர், வாக்டல்ஹுண்ட், டாக்ஸ்ஹண்ட் போன்ற நாய்கள் இந்த வேலையைச் செய்கின்றன. பன்றியின் பல்லுக்கு எதிரே போகும் இந்த நாய்களில் பல இன்று பாதுகாப்பு அங்கி அணிந்தே காட்டுக்குள் இறங்குகின்றன. சில நூறு யூரோ விலையுள்ள அந்த அங்கியைப் பற்றிக் கடைகளிலும் வேட்டைக்காரர்களிடையேயும் உலவும் நம்பிக்கைகளில் சில நாயின் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை.

அவற்றில் முதலாவது, கெவ்லர் துணி என்றால் எதுவும் உள்ளே போகாது என்பது. 1965இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த இந்த இழை, எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வலிமை உடையது. அது உண்மைதான். ஆனால் இழையின் வலிமை வேறு, அதை நெய்து தைத்த அங்கியின் தடுப்புத் திறன் வேறு. கூரிய விளிம்பு துணியின் மேல் இழுபட்டுச் செல்லும்போது இழைகள் குறுக்கே நின்று வெட்டைத் தாங்குகின்றன. கூரிய முனை நேராகக் குத்தும்போது அது இழைகளை அறுக்க வேண்டியதே இல்லை. விலக்கிக்கொண்டு இடுக்கு வழியாக நுழைந்துவிடலாம். குத்தைத் தடுக்க நெருக்கமான நெசவும் பல அடுக்குகளும் வேண்டும். ஒரே அடுக்குத் துணியைக் காட்டி, வெட்டும் குத்தும் இரண்டும் நிற்கும் என்று சொல்வது பொருந்தாது. தரக்குறிப்பில் இழையின் பெயரை மட்டும் பார்க்காமல், எத்தனை அடுக்கு, எந்தெந்தப் பகுதியில் என்று பார்க்க வேண்டும்.

எந்தப் பகுதியில் என்ற கேள்விக்குப் பன்றியின் வாயே விடை சொல்கிறது. ஆண் பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பற்கள் வாய் அசையும்போதெல்லாம் மேல்தாடைப் பற்களோடு உரசித் தீட்டப்படுகின்றன. அதனால் அவற்றின் விளிம்பு எப்போதும் கூராகவே இருக்கும். பன்றி தலையைத் தாழ்த்திப் பாய்ந்து, கீழிருந்து மேலாகத் தலையை வீசி அடிக்கும். நாய்க்குக் காயம் விழுவது பெரும்பாலும் மார்பின் முன்பக்கம், கக்கம், விலாவின் கீழ்ப்பாதி, வயிறு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில். முதுகில் தடித்த மெத்தையும் அழகான கைப்பிடியும் வைத்து, வயிற்றுப் பக்கம் வெறும் பட்டையோடு நிற்கும் அங்கி கடையில் எடுப்பாகத் தெரியும். காட்டில் அது தவறான பக்கத்தைக் காக்கிறது. கழுத்துப் பகுதியும் முக்கியமானது. பெரிய ரத்தக் குழாய்கள் அங்கே தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. உட்தொடையின் ரத்தக் குழாயை எந்த அங்கியாலும் முழுமையாக மூட முடியாது. மூடினால் நாய் ஓட முடியாது. பெண் பன்றிக்கு நீண்ட கோரைப்பல் கிடையாது என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. குட்டிகளோடு நிற்கும் பெண் பன்றி கடித்துப் பிடித்து நசுக்கும். அந்தக் கடிக்கு எதிராக வெட்டைத் தாங்கும் துணி செய்யக்கூடியது குறைவு.

அங்கி கிழியவில்லை, ரத்தம் தெரியவில்லை, ஆகவே நாய்க்கு ஒன்றுமில்லை என்பது இதைவிட மோசமான நம்பிக்கை. வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டலாம். யாக்ட் டெரியரின் எடை பத்துக் கிலோவுக்குள்தான். பல் உள்ளே இறங்காவிட்டாலும் அந்த மோதலின் வேகம் துணியைக் கடந்து உடலுக்குள் போகும். விலா முறியலாம், நுரையீரலில் ரத்தம் கட்டலாம், மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் பெருகலாம். ஊமைக்காயம் என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான். வேட்டையின் வேகத்தில் இருக்கும் நாய் வலியைக் காட்டாது. வாலாட்டிக்கொண்டே திரும்பி வரும்.

ஆகவே நாய் திரும்பியதும் அங்கியைக் கழற்றி, முடியின் போக்குக்கு எதிராக விரல்களை ஓட்டித் தோலை முழுவதும் தடவிப் பார்க்க வேண்டும். பட்டாணி அளவுத் துளைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சதையிலிருந்து பிரிந்து கிடக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்ப்பதும் அவசியம். இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடத்தில் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அழுத்தாமலே வெளுத்திருந்தாலோ, நிறம் திரும்பத் தாமதமானாலோ, மூச்சு மேலோட்டமாக வேகவேகமாக வந்தாலோ நாயை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நெஞ்சில் துளை விழுந்தால் அதன் வழியே காற்று உள்ளே போய் நுரையீரல் சுருங்கிவிடும். அந்தத் துளையைச் சுத்தமான, காற்றுப் புகாத எதையாவது வைத்து மூடிக்கொண்டே பயணப்பட வேண்டும். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளக்கூடாது; ஈரத் துணியால் போர்த்தினால் போதும். குச்சியோ முள்ளோ ஆழமாகக் குத்தி நின்றால் அதைப் பிடுங்குவது மருத்துவரின் வேலை.

அங்கி குண்டையும் தடுக்கும் என்று நம்புவோர் இருக்கிறார்கள். காவல்துறையினரின் குண்டு துளைக்காத உடையும் கெவ்லர், நாயின் உடையும் கெவ்லர் என்பதால் வந்த குழப்பம் இது. அமெரிக்காவில் நீண்ட காலம் பயன்பட்ட என்.ஐ.ஜே. தர வரிசையில் மென்மையான துணிக்கவசம் மூன்று-ஏ நிலை வரைதான். அது கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு உரிய நிலை. துப்பாக்கி ரகம் ரைஃபிளாக இருந்தால் கெட்டியான தகடு வேண்டும். பன்றி வேட்டையில் சுடப்படுவது ரைஃபிள் குண்டு. நாயின் அங்கி அதற்கு முன்னால் சாதாரணத் துணிதான்.

குண்டிலிருந்து நாயை உண்மையில் காப்பது அங்கியின் நிறம். இங்கேயும் ஒரு தவறான எண்ணம் குறுக்கே நிற்கிறது: பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் பன்றி முன்கூட்டியே ஓடிவிடும், ஆகவே காட்டு நிறமே நல்லது என்பார்கள். மனிதக் கண்ணில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை. நாய்க்கும் பன்றிக்கும் மானுக்கும் இரண்டு வகைதான். நமக்குத் தீயாய்த் தெரியும் ஆரஞ்சு அவற்றுக்கு இலைச் சருகின் மங்கிய மஞ்சளோடு கலந்து போகிறது. பன்றி நாயை அறிவது மோப்பத்தாலும் குரலாலும் காலடி ஓசையாலும். காய்ந்த பெரணிச்செடிக்கு நடுவே ஓடும் பழுப்பு நிற நாயைப் பன்றிக்குட்டி என்று எண்ணிச் சுட்டுவிடக்கூடிய மனிதருக்குத்தான் அந்த நிறம் தேவை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு என்பதால் ஒற்றை ஆரஞ்சும் போதாது. ஒளியைத் திருப்பும் வெளிர்ப் பட்டைகளும் இருபுறமும் சேர்ந்திருக்க வேண்டும். கவசம் வாங்க வசதியில்லாதவரின் நாய்க்குக்கூட நிற அங்கி மாட்டாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை. அது மலிவானது, எடையில்லாதது.

கனமான அங்கியே பாதுகாப்பான அங்கி என்ற நம்பிக்கை நாயின் உடல் இயங்கும் விதத்தை மறந்து உருவானது. நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டுமே கொஞ்சம் சுரக்கிறது. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அது உடலைக் குளிர்விக்கும் முக்கிய வழி. மிச்சச் சூடு தோல் வழியே, குறிப்பாக முடி குறைந்த வயிற்றுப் பக்கம், வெளியேறும். அந்த வயிற்றைத்தான் அங்கி மூடுகிறது. நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் வெப்பத் தாக்கம் நெருங்கிவிட்டது. டிசம்பர் உறைபனியில் தாங்கக்கூடிய அதே அங்கி, வெயில் அடிக்கும் அக்டோபர் நண்பகலில் நாயை வீழ்த்திவிடலாம். எடையும் அப்படியே. இருபது கிலோ வாக்டல்ஹுண்டுக்கு ஒரு கிலோ அங்கி பெரிய சுமையில்லை. பத்துக் கிலோ டெரியருக்கு அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. பன்றி திரும்பிப் பாயும் கணத்தில் நாயைக் காப்பது முதலில் அதன் விலகும் வேகம். அந்த வேகத்தைத் தின்னும் கவசம், தான் தடுத்த காயங்களைவிட அதிகக் காயங்களுக்கு வழிவிடும். பாலிஎத்திலீன் இழை இந்த இடத்தில் உதவுகிறது: அது தண்ணீரைவிட இலேசானது, ஈரத்தை உறிஞ்சாது. ஓடையைக் கடந்து வரும் நாயின் மேல் நனைந்த நைலான் மெத்தை எவ்வளவு கனக்கும் என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனத்தின் பெயரையோ எடையையோ சொல்லி அளவு வாங்கிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களில் ஒன்று பீப்பாய் மார்போடும் மற்றொன்று ஆழ்ந்து ஒடுங்கிய மார்போடும் இருக்கும். எடுக்க வேண்டிய அளவுகள் கழுத்தின் அடிச்சுற்று, முன்னங்காலுக்குப் பின்னே மார்பின் மிக ஆழமான இடத்தின் சுற்று, கழுத்தின் அடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான முதுகின் நீளம், முன்னங்கால்களுக்கு இடையிலான அகலம். ஆண் நாய்க்கு வயிற்றுப் பகுதி சிறுநீர்த் துவாரத்துக்கு முன்பே முடிய வேண்டும். இல்லாவிட்டால் துணி நனைந்து தோல் வெந்துபோகும். மாட்டிய பிறகு எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் கிளையிலும் முள்கம்பியிலும் மாட்டிக்கொள்ளும்.

நிற்கும் நாய்க்குப் பொருந்தினால் போதாது. அங்கியோடு அதை ஓடவிட்டு, தாவவிட்டு, படுத்து எழச் செய்து, பிறகு கழற்றிக் கக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சிவந்திருந்தால், நாள் முழுவதும் ஓடும்போது அது புண்ணாகும். பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வாங்கி, முதலில் சில நிமிடங்கள், பின்பு நடைப்பயிற்சி என்று பழக்கினால்தான் நாய் அதை மறந்து வேலை செய்யும். இடங்காட்டும் கழுத்துப்பட்டையின் ஆன்டெனா அங்கியின் உயர்ந்த கழுத்தில் மடங்கிக்கொள்கிறதா என்பதும் வாங்கும்போதே சோதிக்க வேண்டியது.

அங்கி அணிந்த நாய்க்குத் துணிச்சல் மிஞ்சிவிடும் என்று அனுபவசாலிகளே சொல்வதுண்டு. தன் உடம்பில் இருப்பது கவசம் என்பது நாய்க்குத் தெரியாது. அடிபட்டு இடைவெளி காக்கக் கற்றுக்கொண்ட நாய், அங்கிக்குள்ளும் அடியின் வலியை உணர்கிறது. மாறுவது பெரும்பாலும் மனிதர்தான்: அங்கி இருக்கிறதே என்று, கூப்பிட வேண்டிய இடத்தில் கூப்பிடாமல் இருக்கிறார், காயம்பட்டு மூர்க்கமாக நிற்கும் பன்றியிடம் அனுபவமில்லாத இளம் நாயை அனுப்புகிறார். அந்த முடிவின் பழியை நாயின் மேல் போடுவது நியாயமில்லை.

எல்லா வேட்டைக்கும் ஒரே அங்கி என்பதும் நடவாது. குளிர்ந்த நீரில் வாத்து எடுத்து வரும் ரெட்ரீவருக்கு வேண்டியது உடற்சூட்டைக் காக்கும் நியோபிரீன் அங்கி. அது பல்லைத் தடுக்காது, மிதவை அங்கியின் வேலையையும் முழுதாகச் செய்யாது. முட்புதரில் பறவை தேடும் நாய்க்கு மார்பை மட்டும் மூடும் தடித்த நைலான் போதும். பாம்புக்கடி நாய்க்கு முகத்திலும் முன்னங்காலிலும்தான் அதிகம் விழுகிறது. அங்கி மூடாத இடங்கள் அவை.

நோயையும் அங்கி தடுப்பதில்லை. காட்டுப்பன்றிகளிடையே நிலவும் அவுயெஸ்கி நோய் மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. நாய்க்குத் தொற்றினால் கடும் அரிப்பில் தொடங்கி ஓரிரு நாளில் மரணம். வேட்டையாடிய பன்றியின் பச்சை இறைச்சியையும் குடலையும் நாய் தின்னாமல் பார்த்துக்கொள்வதுதான் தடுப்பு. 2020 செப்டம்பரில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு அங்கிக்கே இன்னொரு பொறுப்பு சேர்ந்துவிட்டது. அந்த வைரஸ் நாயைத் தாக்காது. ஆனால் ரத்தத்தில் நீண்ட நாள் உயிர்ப்போடு இருக்கும். ரத்தக்கறை படிந்த அங்கி அதைச் சுமந்துகொண்டு அடுத்த காட்டுக்கோ பன்றிப் பண்ணைக்கோ போகலாம்.

அதனால் ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் அங்கியைக் கழுவியே ஆக வேண்டும். கழுவும் முறையிலும் கவனம் வேண்டும். குளோரின் சேர்ந்த வெளுப்பான் கெவ்லர் வகை இழையை அரித்துவிடும். நோய்ப்பகுதியில் பயன்படுத்தினால், தயாரிப்பாளர் அனுமதித்த கிருமிநாசினி எது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிரும் அந்த இழையை நாளடைவில் நலிவடையச் செய்யும் என்பதால் நிழலில்தான் உலர்த்த வேண்டும். பாலிஎத்திலீன் இழை ஏறத்தாழ 145 டிகிரியிலேயே உருகத் தொடங்குவது. சூட்டு உலர்த்தியும் இஸ்திரிப் பெட்டியும் அதற்கு ஆகாது. உலர்ந்த பிறகு உட்புறத்தைத் திருப்பித் தையல்களையும் பக்கிள்களையும் பார்க்க வேண்டும். பல் பாய்ந்த இடத்தை வெறும் நூலால் தைத்துவிட்டால் மேலே தெரிவது மட்டுமே சரியாகும்; அறுந்த அடுக்கு அறுந்தபடியே உள்ளே இருக்கும். அந்தப் பகுதியைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து மாற்ற வேண்டும், முடியாவிட்டால் வேறு அங்கி வாங்க வேண்டும்.