பசுவின் வயிற்றில் நம் வீட்டுப் பை

இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. முதல் நான்கும் கண்ணுக்குத் தெரிவன. ஆகவே விலக்குவதும் எளிது. ஐந்தாவதாகிய அன்னபான நிரோதமோ நாம் அறியாமலே நம் வாயிலில் நிகழக்கூடும். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

பசுவிற்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. உணவை நாவினால் வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பின்னர் ஓய்வாக அசைபோடுவது அதன் இயல்பு. காய்கறித் தோலையும் மிஞ்சிய சோற்றையும் பிளாஸ்டிக் பையில் முடிந்து எறிந்தால், மணத்தை நாடிவரும் பசு முடிச்சை அவிழ்க்க இயலாமல் பையோடு விழுங்கிவிடுகிறது.

இரைப்பையின் முதல் அறையாகிய பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் சிதைத்துச் சத்தாக்குகின்றன. பிளாஸ்டிக் பையோ சிதைவதில்லை. அடுத்த அறைக்கும் எளிதில் செல்வதில்லை. பைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி அங்கேயே தங்குகின்றன. தீவனத்திற்கு இடம் குறைகிறது, வயிறு உப்புகிறது, பால் வற்றுகிறது. வயிறு நிறைந்திருந்தும் உடல் மெலிகிறது. உடன் சென்ற ஊசியும் ஆணியும் இரைப்பைச் சுவரைத் துளைத்து இதயத்தைத் தாக்குவதும் உண்டு.

2019 அக்டோபரில் சென்னையில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சையால் அகற்றினர். அப்பணி ஐந்து மணி நேரத்திற்கு மேல் நீடித்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை, அவ்வாண்டு சனவரி 1 முதலே நடைமுறையில் இருந்தது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கலாம். குப்பையை முடிச்சிடுவது நம் கையன்றோ?

இல்லத்தில் கடைப்பிடிக்க:

1. உணவுக் கழிவை மூடியுள்ள வாளியில் தனியே சேர்ப்போம். பையில் முடிய வேண்டா.
2. ஊசி, ஆணி, கம்பி ஆகியவற்றை உணவுக் கழிவுடன் கலவாதிருப்போம்.
3. ஜினாலய விழாக்களில் அன்னதானம் முடிந்தபின், இலைகளிலிருந்து பைகளையும் குவளைகளையும் பிரித்தெடுப்போம்.

சிறுவர் சிந்திக்க:

1. வயிறு நிறைந்த பசு மெலிவது ஏன்?
2. எறிந்தவருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. எனினும் அச்செயல் எந்த அதிசாரத்தின் பாற்படும்?