‘பல்க்கி யூட்ரஸ்’ போதாது

மயிலாப்பூர் ஸ்கேன் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் கதிரியல் மருத்துவருக்கு,

உங்கள் எம்ஆர்ஐ அறைக்கு வரும் பெண்களில் பலர் ஓர் அல்ட்ராசவுண்டு ரிப்போர்ட்டோடுதான் வருவார்கள். அதில் ‘பல்க்கி யூட்ரஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதைக் ‘கர்ப்பப்பை வீக்கம்’ என்று புரிந்துகொண்டு, எடுத்துவிடச் சொல்வார்களோ என்ற பயத்தோடே மேசையில் படுப்பார்கள்.

அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடிய ஒரு நோய் அடினோமயோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வுத் திசு தசைச்சுவருக்குள் புகுந்து வளர்வதுதான் அது. ரோகிடான்ஸ்கி 1860லேயே இதை விவரித்துவிட்டார். ஆனால் அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக, அறுத்தெடுத்த கர்ப்பப்பையை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நோய் உறுதியாகும். பெயர் தெரியும்போது உறுப்பே இருக்காது! 1983இல் ஹெட்விக் ஹ்ரிச்சாக் குழுவினர் எம்ஆர்ஐ படங்களில் கர்ப்பப்பையின் அடுக்குகளைப் பிரித்துக் காட்டிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

எம்ஆர்ஐயின் டி2 படத்தில் உள்சவ்வை ஒட்டி ஓடும் கறுப்புப் பட்டைதான் ஜங்ஷனல் ஸோன். அது 12 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் சந்தேகம் வலுக்கும். 8க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்ட அளவில்தான் உங்கள் கண்ணுக்கு வேலை. பட்டைக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா? தசைச்சுவரின் மொத்தத் தடிமனில் பட்டை 40 சதவீதத்தைத் தாண்டுகிறதா?

இந்தத் தடிமன் அளவு ஏமாற்றவும் செய்யும். மாதவிடாய் நாட்களில் பட்டை தடிக்கும், ஹார்மோன் மாத்திரையில் மெலியும். கர்ப்பப்பை ஒரு நிமிடம் சுருங்கினாலும் நோய் போலவே தெரியும். அடுத்த சீக்வென்ஸில் காணாமல் போயிருக்கும். கடைசி மாதவிடாய் தேதியைக் கேட்காமல் அளவை எழுதுவது பாதி ரிப்போர்ட்தான்.

ஃபைப்ராய்டு என்னும் தசைக்கட்டியோடு அடினோமயோசிஸைக் குழப்பிவிடாதீர்கள். ஃபைப்ராய்டுக்கு எல்லை தெளிவாக இருக்கும், ஓரத்தில் ரத்தக்குழாய்கள் ஓடும், அதைத் தோண்டி எடுத்துவிடலாம். அடினோமயோசிஸுக்கு அப்படி விளிம்பு கிடையாது. கட்டியை எடுக்க வயிற்றைத் திறந்த பிறகு இருப்பது அடினோமயோசிஸ் என்று தெரியவந்தால் அறுவை மருத்துவர் தவித்துப்போவார்.

எல்லோருக்கும் எம்ஆர்ஐ வேண்டியதில்லை. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் டிவிஎஸ் ஸ்கேனே தேர்ந்த கையில் பெரும்பாலும் போதும். டாக்டர் நடேசன் சாலையில் மெடிஸ்கேன் அல்ட்ராசவுண்டு மையம் இருக்கும் மயிலாப்பூரில் அதை விளக்கத் தேவையில்லை. ஃபைப்ராய்டுகள் மண்டிக்கிடக்கும்போதும், டிவிஎஸ் செய்ய முடியாத கல்யாணமாகாத பெண்ணுக்கும், ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம் என்னும்போதும்தான் உங்கள் இயந்திரத்துக்கு உண்மையான தேவை.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. 2019இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளவயதிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது நாடு முழுக்கச் செய்தியானது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றல்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடினோமயோசிஸ் இருக்கிறது என்பதற்காகவே கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. ஹார்மோன் சுரக்கும் மிரேனா சாதனத்திலேயே பலருக்கு ரத்தப்போக்கும் வலியும் அடங்கும்.

அதனால் முன்சுவரா பின்சுவரா, பரவலா ஓரிடத்திலா, எத்தனை மில்லிமீட்டர், மாதவிடாயின் எத்தனையாவது நாள், சினைப்பையில் எண்டோமெட்ரியோசிஸ் உண்டா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் அனுப்பிய மகப்பேறு மருத்துவருக்கு அன்றைக்கே ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள்.