பிறருக்கு உணவு சொல்லப் போகிறவள் தானும் உண்ண வேண்டும்



உடப்புசல்லாவைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து ஒரு மகள் போசாக்குத் துறையில் படித்து, இப்போது வைத்தியசாலைப் பயிற்சிக்குப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பையில் கொப்பியும் அளவு நாடாவும் இருக்கின்றன. விடியுமுன் எழுந்து அம்மா சுட்ட ரொட்டியும் சம்பலும் ஒரு பொட்டலமாக இருக்கின்றன. அந்தப் பொட்டலத்தை அவள் எத்தனை மணிக்குத் திறப்பாள்? நோயாளர் பலர், நேரமோ கொஞ்சம். பல நாள் அது திறக்கப்படாமலே வீடு திரும்பும். இன்றைய பாடம் அதைப் பற்றியதே.

இத்துறை நமக்கு ஏன் வேண்டும்?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்திலோ அது ஏறத்தாழ 32. 1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டம் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சத்துமா வழங்க ஏற்பட்டது. ஆனால் மாவைக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. மலையின் குளிரையும் கொழுந்து நிறுவையையும் பிள்ளை மடுவத்தையும் அறிந்தவர், தாயின் மொழியிலேயே அவளோடு பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு நம் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

பயிற்சியில் என்ன செய்வார்கள்?

நிறையும் உயரமும் எடுப்பது முதல் வேலை. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் உடல் திணிவுச் சுட்டி கிடைக்கும். வளர்ந்தவருக்கு 18.5க்குக் குறைந்தால் நிறை போதாது என்பது பொருள். 1.50 மீற்றர் உயரமும் 40 கிலோ நிறையும் உள்ளவருக்கு அது 17.8 தான். அடுத்து, நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை என்ன உண்டீர்கள் என்று நோயாளரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவது. அதன் பிறகே அறிவுரை.

இதில் கவனம் வேண்டும். கீரையும் வாழைப்பழமும் நல்லவை. ஆயினும் சிறுநீரகம் பழுதுற்ற சிலருக்குப் பொட்டாசியம் கூடிய உணவைக் குறைக்க நேரிடும். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்குக் கேடாகலாம். பசித்த வயிற்றோடும் தூங்காத கண்ணோடும் இந்த வேறுபாட்டைப் பார்க்க முடியுமா?

முதல் நோயாளர் நீங்களே

ஆகவே, பயிற்சி தொடங்கும் நாளிலேயே உங்கள் நிறையை எடுத்துக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள். நேற்று நீங்கள் உண்டதையும் எழுதுங்கள். காலையில் வெறுந்தேநீர், பகலில் ஒரு பணிஸ், இரவில் மட்டும் சோறு என்று வந்தால், அதே பதிலைச் சொல்லும் தாய்க்கு நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

தேநீர் நம் உழைப்பின் பயிர்தான். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதை அது தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. சம்பலிற் பிழிந்த தேசிக்காயும் ஒரு கொய்யாப்பழமும் அந்த இரும்பைச் சேர்க்க உதவும். இரவில் ஏழு மணி நேரமாவது உறங்குங்கள்.

பிறர்நலம் பேணுகிறவர் தம்மை மறப்பது புதிதல்ல. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட தாதிமைக் குறிப்பு நூலில் நோயாளரின் உணவுக்கென்றே தனி அத்தியாயங்கள் வைத்தார். அவரே 1855இல் கிரிமியாவில் கடுங்காய்ச்சலில் விழுந்தார். பின்னர் பல ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தார்.

மனத்தின் சுமை

உடம்பைப் போலவே மனமும் களைக்கும். தராசில் ஏற்றிய குழந்தை உங்கள் தம்பியைப் போலவே மெலிந்திருக்கலாம். முட்டை கொடுங்கள் என்று சொல்லும்போதே, அதை வாங்கப் பணம் இல்லாத வீடு உங்களுக்குத் தெரியும். தாயைக் குறை சொல்லாதீர்கள், உங்களையும் குறை சொல்லாதீர்கள். அவளிடம் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். பிழை செய்தால் மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லுங்கள். கற்கத்தான் வந்திருக்கிறீர்கள். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்பது இழிவான பதிலல்ல.

தூக்கம் வராமை, காரணமின்றி அழுகை, எதிலும் விருப்பமின்மை ஆகியவை நாட்கணக்கில் நீடித்தால் தனியே சுமக்க வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

மகள் ஞாயிறன்று வீடு வந்தால், வாரமெல்லாம் தேங்கிய வேலையை அவள் தலையில் ஏற்றாதீர்கள். எப்போது சம்பளம் என்று கேட்குமுன், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். பொட்டலம் திறக்கப்படாமல் திரும்பியிருந்தால் கோபிக்காமல் காரணத்தைக் கேளுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நேற்று நம் வீட்டில் கடைசியாக உண்டவர் யார்? அவருக்கு எஞ்சியது என்ன?
2. சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கம் நம்மில் யாருக்கு உண்டு?
3. வெளியே படிக்கும், பயிலும் பிள்ளையிடம் நாம் கடைசியாக என்ன கேட்டோம்?