பெப்டைடு ஊசி தொடங்குமுன்

எடை குறைய, ஜிம்மில் பிடித்துக்கொண்ட தோள் சரியாக, கல்யாணத்துக்குள் நிறம் கூட என்று மூன்று விதமான ஆட்கள் இப்போது மருந்துக் கடைக்கு வந்து ‘பெப்டைடு ஊசி’ கேட்கிறார்கள். மருந்து எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில், புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1. எந்தப் பெப்டைடு என்று முதலில் கேளுங்கள். அமினோ அமிலங்கள் சில கோத்த சங்கிலிக்கு இந்தப் பெயர். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிடோசினில் 9 அமினோ அமிலங்கள். எலும்பு மெலிவுக்குத் தரும் டெரிபாரடைடில் 34. இன்சுலினில் 51. இவை மூன்றும் மனிதர்களிடம் சோதித்து, அளவு கண்டு, பக்கவிளைவு எழுதி வைத்த மருந்துகள். இவற்றின் நற்பெயரைச் சொல்லித்தான் சோதிக்காத சரக்கையும் விற்கிறார்கள்.

2. பலனைக் குறைத்துப் பேசாதீர்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் போட்டார்கள். அதுவரை சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளை அரைப்பட்டினியில் வைத்துச் சாவைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அவனுக்குப் போட்ட முதல் ஊசியோ சரியாகப் பலிக்கவில்லை. மருந்தில் அழுக்கு இருந்ததால் போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் சுத்திகரித்துத் தந்த மருந்தைப் போட்ட பிறகே சர்க்கரை இறங்கியது. பிள்ளை மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். சுத்தமில்லாத பெப்டைடு அன்றைக்கும் உதவவில்லை, இன்றைக்கும் உதவாது.

3. எடை குறைக்கும் செமாக்ளூடைடு பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் இரண்டொரு நிமிடத்தில் சிதைந்துவிடும். அதையே பல நாள் ரத்தத்தில் தங்கும்படி மாற்றி அமைத்த மருந்து இது. பசி அடங்கும்; இரைப்பை மெதுவாகக் காலியாகும். வாரம் 2.4 மில்லிகிராம், கூடவே உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் என்று 68 வாரம் நடந்த ஆய்வில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. அதில் மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. “முகூர்த்தம் வரைக்கும் போட்டுட்டு விட்டுடறேன்” என்ற கணக்கோடு வராதீர்கள். மாதம் எவ்வளவு ஆகும், எத்தனை வருடம் தாங்கும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கும் வரும். அளவைப் படிப்படியாக ஏற்றுவதே அதற்காகத்தான். கொழுப்போடு தசையும் கரையும். பசிக்கவில்லை என்று இரண்டு வாய் ரசம் சாதத்தோடு எழுந்துவிடாமல் முட்டை, மீன், பருப்பு, சுண்டல் என்று புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசி வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் ஊசி விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வெறும் வயிற்றோடு போனாலும் முந்தின சாப்பாடு உள்ளே தங்கியிருக்கக்கூடும்.

4. “ஆராய்ச்சிக்கு மட்டும்” என்று அச்சடித்த குப்பியைத் தொடாதீர்கள். தசைநார்க் காயம் ஆறும் என்று ஜிம்களில் கைமாறும் பிபிசி-157 பற்றிய சான்றுகள் பெரும்பாலும் விலங்குகளிடம் எடுத்தவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை எந்த நோய்க்கும் மருந்தாக ஒப்புக்கொண்டதில்லை. ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2022 முதல் அதைத் தடை செய்திருக்கிறது. போட்டிகளில் ஓடும் பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள். அந்த வெள்ளைப் பொடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கிருமி நச்சு கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

5. நிறத்துக்காகக் குளுட்டாதயோன் ஊசி போடாதீர்கள். அதுவும் மூன்று அமினோ அமிலம் சேர்ந்த பெப்டைடுதான். அந்த மோகம் பரவிய பிலிப்பைன்ஸில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கல்லீரல், சிறுநீரகம், நரம்பு பாதிக்கப்படும் என்று எச்சரித்தது. உங்கள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை, தங்கைகளே.

6. இன்சுலின் போடுபவர்கள் சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள். நம் ஊரில் இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவில் கிடைக்கிறது. 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து நினைவு தப்ப அது போதும். குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள். அவசரத்தில் அவரும் தவறலாம்.

7. திறக்காத ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் உறைந்தது வீண். உருக்கிப் போடக் கூடாது. மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்ததும் அப்படியே.

8. பில் இல்லாமல் வாங்காதீர்கள். போலி செமாக்ளூடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது. பெட்டியில் உள்ள தொகுதி எண்ணும் பேனா ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

9. செமாக்ளூடைடு போடுபவர்களுக்கு மேல்வயிற்றில் விடாத வலி வந்து முதுகுக்குப் பரவினால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஊசியைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது அந்தப் பேனா ஊசியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.